தொலைந்த பொருள் அறை

டண்டி பேருந்துப் பணிமனையில்
தொலைந்த பொருள்களின் அறை என் பொறுப்பு.
ஒற்றைக் கையுறைகள், இரண்டு பல்செட்,
ஒருமுறை உயிருள்ள ஆமை.
ஒவ்வொன்றுக்கும் சீட்டெழுதி நூலில் கட்டுவேன்:
நாள், வழித்தடம், இருக்கை.
பிறர் தொலைத்தது எதையும் நான் தொலைத்ததில்லை.

என் வீட்டுச் சாவி
இந்த ஆண்டில் மட்டும் ஆறாவது.

நாற்பத்து மூன்று வயதில் மருத்துவரிடம் போய்
ஏ.டி.ஹெச்.டி.யாக இருக்குமோ என்றேன்.
கடிகாரத்தைப் பார்த்தபடி அவர் கேட்டார்:
"பட்டம் வாங்கியிருக்கிறீர்களே?"
வாங்கினேன். பதினோரு ஆண்டுகளில்.
அதை அவர் கேட்கவில்லை.
நானும் சொல்ல மறந்தேன்.
மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதித் தந்தார்.
அழுகை நின்றது.
அடுப்பில் பால் மட்டும் பொங்கிக்கொண்டேயிருந்தது.

இன்னொருவர் மூச்சைக் கவனிக்கச் சொன்னார்.
கவனித்தேன்.
மூன்றாம் மூச்சில்
பென்குயினுக்கு முழங்கால் உண்டா என்று கேள்வி வந்தது.
உண்டு.
தேடிப் படித்து முடிப்பதற்குள் வேலைக்குப் போக வேண்டிய பேருந்து போய்விட்டது.

பிறகு ஒரு நிறுவனம், திரையில்.
பன்னிரண்டு நிமிடம்; ஒரு மாதச் சேமிப்பு.
வந்த அறிக்கையின் நான்காம் பத்தியில்
நான் "அவன்" ஆகியிருந்தேன்.

பொது மருத்துவமனை படிவம் அனுப்பியது.
பதினெட்டுக் கேள்விகள்.
"தொடங்கிய வேலையை முடிக்காமல் விடுவதுண்டா?"
ஏழாம் கேள்வியில் வாசல்மணி அடித்தது, எழுந்து போனேன்.
ஈஸ்டர் கழித்து அந்தப் படிவம் கிடைத்தது,
குளிர்பெட்டியில், பட்டாணிப் பைக்கு அடியில்.
அதற்குள் கடிதம் வந்திருந்தது:
பதில் வராததால் தங்கள் பெயர் நீக்கப்பட்டது.
கால் ஒடிந்தவனிடம்
ஊன்றுகோல் மூன்றாம் மாடியில் இருக்கிறது,
ஏறிவந்து வாங்கிக்கொள் என்பதுபோல.

இருபத்திரண்டாம் வழித்தடம் ஓட்டும் ஸ்ட்ரூவன்
ஒருநாள் குடையொன்றை ஒப்படைக்க வந்தான்.
ஆர்ப்ரோத்தில் ஒரு செவிலி, என் மகளைப் பார்த்தவர் என்றான்.
எண்ணை என் புறங்கையில் எழுதினான்.
"காகிதத்தைத் தொலைப்பாய், இஷ்பெல்.
கையைத் தொலைக்கமாட்டாய்."

அந்த நாள் வந்தது. ரயிலில் ஏறினேன்.
ஆர்ப்ரோத் எப்போது போனதோ,
கண் நிமிர்ந்தபோது மான்ட்ரோஸ்.
கடல் வற்றிய சேற்றில் ஆயிரம் பறவைகள்.
தொலைபேசி அடித்தது.
"எங்கே இருக்கிறீர்கள்?"
சொன்னேன்.
காத்திருந்தேன், அந்தப் பெருமூச்சுக்காக.
பெருமூச்சில் எத்தனை வகை என்று எனக்குத் தெரியும்:
அம்மாவுடையது, வகுப்பாசிரியையுடையது,
பெட்டியோடு கிளம்பிப்போன காலம் என்பவனுடையது.
வரவில்லை.
"திரும்பும் ரயில் வரும்வரை ஏதாவது சாப்பிடுங்கள்.
இதற்காகத்தான் உங்களைக் கடைசியில் வைத்திருக்கிறேன்."

உனா கெயர்ட் என்பது பெயர்.
படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.
"நீங்கள் நடங்கள். நான் எழுதுகிறேன்."
ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தேன்.
ஏழு வயதில் எப்படி இருந்தீர்கள்,
இதயத்தில் கோளாறு உண்டா,
தூக்கம், குடி, கடன்,
உங்களைச் சிறுவயதில் அறிந்தவர் யாரையாவது கேட்கலாமா...
பதினெட்டும் முடிந்தது.
படிவத்தில் இல்லாத ஒன்று பிறகு கேட்டார்:
"இதையெல்லாம் மறைக்க எவ்வளவு செலவானது?"

கணக்கு சொல்லத் தெரியவில்லை.
கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்து நின்றேன்.
அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"இன்றைக்கே ஆம், இல்லை என்று சொல்லமாட்டேன்.
இன்னும் இரண்டுமுறை பார்க்க வேண்டும்.
மாத்திரை ஒத்துக்கொள்ளலாம், கொள்ளாமலும் போகலாம்.
முந்தின நாள் கூப்பிடுவேன். அன்று காலையும்."
பையிலிருந்து என் சீட்டொன்றை எடுத்துக் கொடுத்தேன்.
வியாழன், இரண்டு மணி என்று எழுதி
என் கோட்டுப் பொத்தானில் அவரே கட்டினார்.

திரும்பும் வழியில் இடது கை குளிர்ந்தது.
கையுறை அவர் ஜன்னலோரத்தில்,
வெப்பக் குழாயின் மேல்.

வாழ்க்கையில் முதல்முறை
ஒன்றைத் தொலைத்திருக்கிறேன்,
எங்கே என்று தெரிந்து.